நாள்பட்ட முதுகு வலிக்கு அக்குபஞ்சர்: ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஓடும் எந்தக் குழுவிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் ஒருவராவது இருப்பார். எனக்கும் கீழ்முதுகு வலி வருடக்கணக்கில் இருந்தது. மாத்திரை, பிசியோ என்று பார்த்த பிறகு, உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபஞ்சரும் எடுத்துக்கொண்டேன். அது தெரிந்ததும் கூட ஓடுகிறவர்கள் கேட்ட கேள்விகளையும், அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் முதுகைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்.

அக்குபஞ்சர் செய்தால் முதுகு வலி குணமாகுமா?

குறைய வாய்ப்பு உண்டு. சிலருக்கு நன்றாகக் குறைகிறது, பலருக்கு ஓரளவு குறைகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. "நிரந்தரமாகக் குணப்படுத்துகிறேன்" என்று உறுதி கொடுப்பவரிடம் போகாதீர்கள்.

என் அனுபவத்தில் ஊசி செய்தது ஒன்றுதான்: வலியைச் சில வாரங்களுக்குத் தணித்துக் கொடுத்தது. அந்த வாரங்களில் இடுப்பையும் தொடையையும் வலுவாக்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்ய முடிந்தது. வலியோடு இருந்தபோது அந்தப் பயிற்சியை இரண்டு நாளைக்கு மேல் தொடர முடிந்ததே இல்லை. முதுகைத் தேற்றியது பயிற்சி. அதற்கு இடம் கொடுத்தது ஊசி. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

நேராக அக்குபஞ்சருக்கே போகலாமா, முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

முதலில் டாக்டர். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முதுகு வலியில் பெரும்பாலானது பயப்பட வேண்டாத வகை. ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் ஊசியும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவை அவை. வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி இவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

ஓடுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, எலும்பில் விழும் மெல்லிய விரிசல். இடுப்புக்குக் கீழே திரிகம் என்ற முக்கோண எலும்பிலும் இது வரும். பின்புறத்தில் ஒரு பக்கமாக வலிக்கும், காலடி தரையில் விழும்போதெல்லாம் குத்தும். ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டியவர்களுக்கும், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாதவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, கூடவே இந்த வலியும் இருந்தால், எலும்பைப் பார்க்காமல் அடுத்த ஓட்டம் ஓடவே கூடாது. விரிசலுக்கு மருந்து ஓய்வுதான். அங்கே ஊசி வலியை மறைத்துவிட்டால் கெடுதல்தான் அதிகம்.

இன்னொன்று, அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற அழற்சி வகை வலி. பெரும்பாலும் நாற்பத்தைந்து வயதுக்குள் ஆரம்பிக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்திருக்கும், ஓய்வெடுத்தால் கூடும், உடம்பை அசைத்தால் குறையும். ஓடுகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஓடினால் நன்றாக இருக்கிறதே என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இந்த அடையாளங்கள் உங்களுக்குப் பொருந்தினால், மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்டைப் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் விலகியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஊசி அதைச் சரிசெய்யுமா?

செய்யாது. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டு. அதை எந்த ஊசியும் உள்ளே தள்ளாது.

அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவ்வளவு பயப்படவும் வேண்டாம். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருக்கிறது. நாற்பது வயதில் 50 சதவீதம், எண்பது வயதில் 84 சதவீதம். முடி நரைப்பது போலத்தான் இது. ஸ்கேனில் தெரிவதும் உங்களுக்கு வலிப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா, வலு குறைகிறதா என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வதற்குத்தான் மதிப்பு அதிகம்.

ஓடுவதால்தான் இந்த வலி வந்ததா? ஓட்டத்தையே விட்டுவிடச் சொல்கிறார்கள்.

வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நீண்ட நாள் ஓடிவருபவர்களின் டிஸ்க்குகளை ஓடாதவர்களின் டிஸ்க்குகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2017ல் வெளியானது. ஓடுகிறவர்களின் டிஸ்க்குகளில்தான் நீர்ச்சத்து மேலாக இருந்தது. ஓட்டம் முதுகைத் தேய்த்துவிடும் என்ற பேச்சுக்கு இது நேர்மாறு.

பிரச்சினை பெரும்பாலும் ஓட்டத்தில் இல்லை, தூரத்தைக் கூட்டிய அவசரத்தில் இருக்கிறது. ஜனவரியில் சென்னை மாரத்தான் என்று பெயர் கொடுத்துவிட்டு, மழையில் நவம்பர் முழுக்க ஓடாமல் இருந்து, டிசம்பரில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் எந்த முதுகும் முறையிடும். அதோடு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை, தூக்கம் குறைவு, மன உளைச்சல். நாள்பட்ட வலியில் கடைசி இரண்டுக்கும் நாம் நினைப்பதைவிடப் பெரிய பங்கு உண்டு.

ஆய்வுகள் என்னதான் சொல்கின்றன?

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டுமே எடுத்துச் சொல்கிறார்கள்.

ஜெர்மனியில் நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2007ல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு முறையான அக்குபஞ்சர். இன்னொரு பிரிவுக்குப் போலி அக்குபஞ்சர், அதாவது புள்ளி இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் பிசியோவும் உடற்பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 47.6 சதவீதம் பேருக்கும், போலிப் பிரிவில் 44.2 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 27.4 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது.

2009ல் அமெரிக்காவில் 638 பேரிடம் நடத்திய ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அதில் போலி சிகிச்சைக்கு ஊசியே கிடையாது. ஊசி செலுத்தும் சிறு குழாய்க்குள் பல்குத்தும் குச்சியை வைத்துத் தோலைத் தொட்டுத் திருகினார்கள், அவ்வளவுதான். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் உண்மை ஊசிக்காரர்களும் குச்சிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். இரு தரப்பும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட மேலாக இருந்தார்கள்.

ஆக, அக்குபஞ்சர் எடுத்துக்கொள்வது எடுக்காமல் இருப்பதைவிடப் பலன் தருகிறது. ஆனால் சரியான புள்ளியில் சரியான ஆழத்தில் குத்துவதால்தான் அந்தப் பலன் என்பதற்குச் சான்று மிகக் குறைவு.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு முடிவுக்கு வந்திருக்கிறது. பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் கீழ்முதுகு வலிக்கு அக்குபஞ்சர் கொடுக்க வேண்டாம் என்றது. அமெரிக்க மருத்துவர் சங்கங்களில் பெரிய ஒன்றின் 2017 வழிகாட்டுதல், மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் இதையும் சேர்த்தது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2020 முதல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு 90 நாளில் 12 முறை வரை அக்குபஞ்சருக்குப் பணம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் நிபந்தனையோடு இதை ஆதரிக்கிறது. அதே ஆவணம் இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. நம் ஊரில் அந்த இரண்டுக்கும் எவ்வளவு செலவழிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானா?

"பிரமை" என்று ஒதுக்கிவிட முடியாது. ஊசி குத்தும்போது நரம்பு முனைகள் தூண்டப்படுவதும், உடம்பு எண்டார்ஃபின் என்ற தன் சொந்த வலிநிவாரணியைச் சுரப்பதும் ஆய்வகங்களில் காட்டப்பட்டிருக்கின்றன. அது தவிர, அரை மணி நேரம் செல்போன் இல்லாமல் குப்புறப் படுத்திருப்பது, உங்கள் வலியை ஒருவர் பொறுமையாகக் கேட்பது, சரியாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவையும் மூளை வலியை எடைபோடும் விதத்தை மாற்றுகின்றன. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே அதிக உஷாராகிக் கிடக்கிறது. அதை அமைதிப்படுத்தும் எதுவும் உதவும்.

என்னைக் கேட்டால், நெறியாகச் செய்பவரிடம், அபாயம் குறைவாக, கட்டுப்படியாகும் செலவில் கிடைத்தால் முயன்று பார்க்கத் தகுந்த ஒன்றுதான். கடன் வாங்கிச் செய்யும் அளவுக்குச் சான்று இல்லை.

ஊசியே குத்தாமல் ஒரு புள்ளியை விரலால் தொட்டுக் குணப்படுத்துகிறார்களே?

தமிழ்நாட்டில் இது மிகவும் பரவியிருக்கிறது. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு அனுப்பும் ஹீலர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகள் இந்த முறையைச் சோதித்தவை அல்ல. பல்குத்தும் குச்சி ஆய்வை வைத்துப் பார்த்தால், தொடுவதாலும் சிலருக்கு வலி குறையலாம் என்பதை நான் மறுக்க மாட்டேன்.

என் கவலை தொடுவதில் இல்லை, கூடவே வரும் அறிவுரையில் இருக்கிறது. "எல்லா மருந்தையும் நிறுத்துங்கள், ஸ்கேன் எடுக்காதீர்கள், உடம்பு தானே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரும் நம்மோடு ஓடுகிறார்கள். முதுகு வலிக்குப் போன இடத்தில் அந்த மருந்துகளை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, யாரிடம்தான் போவது?

இந்தியாவில் அக்குபஞ்சரை ஊன்றியவர் கல்கத்தா மருத்துவர் பிஜய் குமார் பாசு. 1938ல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் மருத்துவர் துவாரகாநாத் கோட்னிஸோடு இருந்தவர். பிற்பாடு மறுபடியும் சீனா போய்க் கற்றுக்கொண்டு வந்து 1959ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். நவீன மருத்துவம் படித்த ஒருவர் கையால் இங்கே தொடங்கிய கலை இது. மத்திய அரசு 2003ல் இதை ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது. மேற்கு வங்கம் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் பலகை மாட்டியிருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி படித்தவர்கள் இல்லை. ஐந்தரை ஆண்டு படித்தவரும் உண்டு, சில வாரப் பயிற்சி எடுத்தவரும் உண்டு.

தமிழ்நாட்டில் நான் முதலில் தேடச் சொல்வது பி.என்.ஒய்.எஸ். படித்த யோகா, இயற்கை மருத்துவர்களை. அவர்களுடைய பாடத்திட்டத்திலேயே உடற்கூறியலும் அக்குபஞ்சரும் இருக்கின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று விசாரிக்கலாம். எம்.பி.பி.எஸ். முடித்து அக்குபஞ்சர் பயின்றவர்களும் இருக்கிறார்கள்.

போனதும் பாருங்கள்: உங்கள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கிறாரா? என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிறாரா? ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண் முன்னால் பிரிக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே படுக்கவே வேண்டாம்.

வலிக்குமா? உள்ளே என்ன நடக்கும்?

இரத்தம் எடுக்கும் ஊசியை நினைத்துப் பயப்படாதீர்கள். அது கிட்டத்தட்ட 0.7, 0.8 மில்லிமீட்டர் தடிமன். அக்குபஞ்சர் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர்தான். உள்ளே துளையும் கிடையாது, மருந்தும் கிடையாது.

குப்புறப் படுக்கச் சொல்வார்கள். வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே ஒன்று. ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் முதுகு சில்லென்று ஆகும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைத் தோலில் அழுத்தி, அதற்குள் இருக்கும் ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டு. கொசு கடித்த அளவுக்குச் சுருக்கென்று இருக்கும், சில சமயம் அதுவும் தெரியாது. பிறகு குழாயை எடுத்துவிட்டு ஊசியை மெல்லத் திருகி உள்ளே செலுத்துவார். அப்போது உள்ளுக்குள் ஒரு கனம், மந்தமான கடுப்பு, சில இடங்களில் தசை தானாக ஒரு முறை துடிக்கும். சீன மரபில் இந்த உணர்வுக்கு தே சீ என்று பெயர். அது வந்தால்தான் ஊசி பிடித்தது என்பார்கள்.

முதுகு வலிக்கு ஊசி முதுகில் மட்டும் விழுவதில்லை. முதுகெலும்பின் இரு பக்கமும் இறங்கி, தொடையின் பின்புறமாகக் கால் சுண்டுவிரல் வரை போகும் பாதைக்குச் சீன மரபில் சிறுநீர்ப்பைப் பாதை (சுருக்கமாக யூ.பி.) என்று பெயர். அதில் இடுப்புக்கு மேலே உள்ள யூ.பி. 23, முழங்கால் மடிப்பின் நடுவில் உள்ள யூ.பி. 40 ஆகிய இரண்டு புள்ளிகளையும் ஏறக்குறைய எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு முழங்காலுக்குப் பின்னால் போட்ட ஊசியில்தான் கெண்டைக்கால் வரைக்கும் ஒரு இழுவை ஓடியது. நீண்ட தூரம் ஓடி முடித்த அன்று ராத்திரி காலில் தெரியும் அந்தக் கனமேதான். ஊசிகளை இருபது முதல் முப்பது நிமிடம் விட்டுவைப்பார்கள். பலர் அப்படியே தூங்கிவிடுகிறார்கள்.

கூர்மையான மின்வெட்டு வலியோ எரிச்சலோ இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். ஊசியைக் கொஞ்சம் வெளியே இழுத்தாலே சரியாகிவிடும்.

பிசியோ போடும் டிரை நீடிலிங்கும் இதுவும் ஒன்றா?

ஊசி ஒன்றுதான், நோக்கம் வேறு. டிரை நீடிலிங்கில் பாதை, புள்ளி என்ற கணக்கு கிடையாது. தசையில் இறுகிக் கிடக்கும் முடிச்சைத் தேடிக் குத்துவார்கள். பொதுவாக வலி சற்று அதிகம், மறுநாள் தசை நோவும் அதிகம்.

ஊசி போட்ட நாளில் ஓடலாமா?

மெல்ல நடக்கலாம். அன்றைக்கு வேக ஓட்டமும் எடை தூக்குவதும் வேண்டாம். சிலருக்கு உடம்பு சோர்வாக இருக்கும், தலை லேசாகக் கிறுகிறுக்கும். வெறும் வயிற்றில் போனால் மயக்கமே வரலாம், அதனால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் ஓடுகிறவர்கள் செவ்வாய் அல்லது புதனில் ஊசியை வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

எத்தனை முறை போக வேண்டும்? பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆய்வுகளில் பொதுவாக வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என மொத்தம் பத்து முறை அளவில் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தாறு முறையில் ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவது நல்லது என்பது என் கருத்து. இருபது முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் பேக்கேஜில் சேராதீர்கள்.

தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வலி பத்துக்கு எவ்வளவு? குனிந்து ஷூ லேஸ் கட்ட முடிகிறதா? எத்தனை நிமிடம் உட்கார்ந்தால் வலி எடுக்கிறது? எத்தனை கிலோமீட்டரில் முதுகு பிடிக்கிறது? வாரம் ஒரு முறை அதே கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வலியில் இரண்டு எண், அல்லது மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது நிஜமான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். நினைவை நம்பாதீர்கள். வலி விட்ட அன்று எல்லாமே சரியாகிவிட்டதாகத் தோன்றும், வந்த அன்று எதுவுமே உதவவில்லை என்று தோன்றும்.

ஆபத்து ஏதும் உண்டா?

சிறு இரத்தக்கட்டு, குத்திய இடத்தில் நோவு, தலைசுற்றல் இவை சகஜம். சுத்தமில்லாத ஊசியால் கிருமித் தொற்று வரலாம். மேல்முதுகிலும் தோள்பட்டைக்கு அருகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைத் தொட்டுக் காற்று கசியும் ஆபத்து உண்டு. மிக அரிதுதான், ஆனாலும் ஊசி போட்ட பிறகு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் வகை பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு ஆகாது.

வலி மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மருத்துவர் தொடர்ந்து சாப்பிடச் சொன்ன மாத்திரையை அவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். ஓடுவதற்கு முன்னால் நீங்களாகவே போட்டுக்கொள்ளும் மாத்திரையை இன்றைக்கே நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. சென்னைப் புழுக்கத்தில் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு அது சேர்ந்தால் சிறுநீரகம் திண்டாடிப் போகும்.

வலி குறைந்திருக்கும் வாரங்களில் என்ன செய்ய வேண்டும்?

படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், பக்கவாட்டுப் பிளாங்க், கையும் எதிர்க்காலும் நீட்டும் பேர்ட் டாக் ஆகியவற்றில் ஆரம்பியுங்கள். அவை வலியில்லாமல் வந்த பிறகு, இடுப்பை மடக்கி எடை தூக்கும் டெட்லிஃப்டை லேசான எடையில் ஒரு பயிற்றுநரிடம் கற்றுக்கொள்ளுங்கள். முதுகு வலி வந்தவர்கள் எடையைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள். நிஜத்தில் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை.

ஓட்டத்தில் அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டிப் பாருங்கள். காலடியின் அதிர்ச்சி குறையும். தூரத்தை முதலில் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு. இரண்டையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள்.

ஓடவே முடியவில்லை. இப்போதைக்கு என்ன செய்வது?

நடங்கள். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த 701 பேரிடம் நடத்திய ஆய்வு 2024ல் வெளிவந்தது. வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்குள் சராசரியாக 208 நாள் கிடைத்தது. செய்யாதவர்களுக்கு 112 நாள்தான். ஷூவும் சாலையும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

அடுத்த வாரம் அரை மாரத்தான். முந்தைய நாள் ஊசி போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா?

வேண்டாம். ஊசி உங்களுக்கு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று தெரியாமல் போட்டிக்கு முந்தைய நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே பழகியவராக இருந்தாலும் மூன்று நாள் இடைவெளி விடுங்கள். வலி பத்துக்கு நான்கைத் தாண்டி நிற்கிறது என்றால், பத்து கிலோமீட்டர் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். முடியாது என்றால் இந்த முறை ஓடாமல், தண்ணீர் கொடுக்கும் மேஜையில் நில்லுங்கள். அங்கே எப்போதுமே ஆள் தேவை.